அந்தோணியாரிடம் கொடுத்த ஜெனரேட்டர்

அத்தியாயம் 17

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது கேவலம். அதையும் கூடப்பிறந்த அண்ணனிடம் போய்க் கேட்பது கேவலத்திலும் கேவலம். அந்த அண்ணனிடம் இருப்பது அந்தோணியாருடைய பொருள் என்றால், அதற்கு என்ன பேர் வைப்பது? ரோசாவுக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

போன வாரம் நாம் அவளை விட்டு வந்தபோது கோவிலில் முதல் பெஞ்சில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பூசை முடிந்து பங்குச் சாமியார் மைக்கைப் பிடித்தார். ரோசா சூசைநாதன் குடும்பத்தார் தங்கள் ஐஸ் பேக்டரிக்கு சோலார் போட்டுவிட்டதால், இத்தனை வருஷமாக ஓட்டிய டீசல் ஜெனரேட்டரை அந்தோணியாருக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள், இனிமேல் தேர்பவனிக்கு வாடகை ஜெனரேட்டர் தேவையில்லை என்று அறிவித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். கோவிலுக்குள் கைதட்டலாமா என்று என்னைக் கேட்காதீர்கள், தட்டினார்கள்.

ரோசா பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டாள். ஓரக்கண்ணால் மட்டும் திருவிழாக் கமிட்டித் தலைவரைப் பார்த்தாள். அவர்தான் அவள் அண்ணன் பிரான்சுவா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர், முதலியார்பேட்டையே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடும். பேக்டரிக் கூரையில் சோலார் தகடுகளைச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்த அன்று, வந்திருந்த அத்தனை பேர் எதிரிலும், "வெயில நம்பி மெஷின் ஓட்டப்போறியா ரோசா? மழை வந்தா மெழுகுவத்தி கொளுத்தி வெப்பியா?" என்று சிரித்த மனுஷன். அன்றோடு அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்றது. ஜெனரேட்டரைக் கொடுத்ததில் பாதி பக்தி. மீதி, அண்ணன் மூக்கை உடைக்கிற ஆசை. பாதி என்று நான் சொல்வது மரியாதைக்காக.

இன்று அந்தோணியார் திருவிழா. சாயங்காலம் தேர்.

நாளையோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. இரண்டு மாசமாகக் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் எல்லாம் நாளை தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் கடலுக்குப் போகும். வருஷத்தில் ஐஸ் பேக்டரிக்கு இதைவிடப் பெரிய நாள் கிடையாது. தொட்டி நிறைய தகர டப்பாக்களில் தண்ணீரை ஊற்றி உப்புநீரில் இறக்கி வைத்திருந்தார்கள். பாதி உறைந்திருந்தது. மீதிப் பாதிக்கு இன்று பகல் முழுக்க மெஷின் ஓட வேண்டும்.

காலையில் காப்பி ஆறுவதற்குள் மெஷின் நின்றது.

முதலில் அந்த நிசப்தம்தான் ரோசாவுக்கு உறைத்தது. பேக்டரிக்கு ஒட்டின வீட்டில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கி எழுகிறாள். டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள்.

"என்னாடா ஆச்சி?"

மகன் லூர்துபிரகாஷ் மீட்டர் பெட்டி எதிரில் நின்றிருந்தான். "கரண்ட் போச்சிம்மா. தெருமுனையில வாய்க்கா தோண்டுறானுங்கல்ல, கேபிளை வெட்டிட்டானுங்களாம். லைன்மேன் வந்து பாத்துட்டாரு. சாயங்காலம் ஆகும்ன்றாரு."

"போனா போவட்டும். அதான் சோலார் இருக்குதே. போடு."

பிரகாஷ் அசையவில்லை.

"போடுடா!"

"அது ஓடாதும்மா."

ரோசா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். ஜூன் மாசத்து வெயில், காலையிலேயே கண் கூசியது. கூரை நிறைய தகடுகள் பளபளவென்று படுத்திருந்தன. மேகம் பேருக்கு ஒன்று கிடையாது.

"ஏன்டா ஓடாது? வெயில் மண்டையப் பொளக்குது!"

"அது லைன் கரண்ட்டோட சேத்து இழுத்தது. அந்தக் கரண்ட் இருந்தாதான் இதுவும் ஓடும். அது நின்னா இதுவும் தானா நின்னுக்கும். இல்லன்னா கம்பியில வேல செய்யிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும்ல. பேட்டரி வெச்சிருந்தா வேற மாதிரி. நாம வெக்கல."

"இதெல்லாம் உனக்கு எப்பத் தெரியும்?"

"இப்பதான். சோலார் போட்டவனுக்கு போன் பண்ணிக் கேட்டேன்."

சேசு மரி சூசையே! அப்போது அவள் நினைத்தது மகனைப் பற்றி இல்லை. கோவில் மைதானத்தில், தேருக்குப் பின்னால், மாலை போட்டு நிறுத்தி வைத்திருக்கிற ஜெனரேட்டரைப் பற்றி.

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தொட்டியின் மேலே கோணியை நனைக்காமல் அடுக்கச் சொன்னாள், பிறகு தார்ப்பாயைப் போடச் சொன்னாள், போட்ட பிறகு ஒரு மூலையைத் தூக்கி, பலகையை நகர்த்தி, உள்ளே கையை விட்டாள்.

"அம்மா! தெறக்காத! தெறந்தா குளிர் போயிடும்!" பிரகாஷ் கத்தினான்.

"பாத்தேன்."

"இதோட நாலு தடவ பாத்துட்ட!"

மூடினாள். சமையல்கட்டுக்குப் போனாள். போன வேலை என்னவென்று மறந்து திரும்பி வந்தாள். கை மறுபடி தார்ப்பாய் மூலைக்குப் போனது. மகள் மெரின் பின்னால் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புதுசாகப் படிப்பவர்களுக்காக மெரினைப் பற்றி ஒரு வார்த்தை: பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆராய்ச்சி செய்கிறாள். சூரிய ஒளியும் காற்றாலையும் வந்தால் நாட்டில் புகை குறையுமா, புகை குறைந்தால் வளர்ச்சி குறையுமா என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை, கல்யாண வரன்தான் வந்து வந்து போகிறது.

"ஏன்டி, இதைத்தானே ஆராயுற? இந்த எழவு நின்னுடும்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கு தேசக் கணக்குதாம்மா தெரியும். வயரிங் தெரியாது. அதெல்லாம் அண்ணன் பாத்தது."

"தேசமாம், கணக்காம்!"

ரோசாவின் கோபத்தில் நியாயம் உண்டு. சோலாரே இந்த வளர்ச்சிக்காகத்தான் வந்தது. மீன் ஏற்றுமதி செய்கிற எழிலரசன் தடைக்காலத்துக்கு முன்னால் வந்தார். வெளிநாட்டில் மீன் வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு பெட்டி மீனுக்குப் பின்னால் எவ்வளவு புகை போயிருக்கிறது என்று கேட்கிறார்களாம். வலை, படகு, லாரி, ஐஸ் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. டீசல் இல்லாமல் ஐஸ் கொடுத்தால் வருஷம் முழுக்க நானே எடுத்துக்கொள்கிறேன், தடைக்காலத்திலும் சும்மா இருக்க வேண்டாம், இரண்டாவது தொட்டியும் கட்டிக்கொள்ளலாம் என்றார். ஒப்பந்தம் பேசப் போனவன் பிரகாஷ். வந்து ஒரே வார்த்தையாகச் சொன்னான்: "டீசல் ஒரு சொட்டு ஆவாதாம்மா. ஜெனரேட்டரே எடத்துல இருக்கக் கூடாதாம்." அந்த ஒரு வார்த்தையில்தான் ஜெனரேட்டர் அந்தோணியாரிடம் போனது.

முதல் லோடு நாளைக்குக் காலையில் எழிலரசனுக்கு. அதற்கப்புறம் படகுகளுக்கு. பேப்பரில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

மதியத்துக்குள் அஞ்சலாட்சி வந்துவிட்டாள். இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரி. தேங்காய்த்திட்டில் அவள் குரலுக்கு மறுகுரல் கிடையாது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வந்தவள், மெஷின் சத்தம் இல்லாததை வாசலிலேயே கண்டுகொண்டாள்.

"என்னா ரோசாக்கா, பேக்டரி சாவு வூடு மாதிரி கெடக்குது?"

"கரண்ட் போயிடுச்சி அஞ்சலாட்சி. வந்துடும்."

"வந்துடுமா? எங்க ஆளுங்க வலையெல்லாம் ஏத்திட்டு குந்திக்கினு இருக்கானுங்க. ரெண்டு மாசமா அடுப்பு புகையாத வூடுங்க. மொத கடலுக்கு ஐஸ் இல்லாம போனா புடிக்கிற மீனு நாறிப்போய்தான் கரைக்கு வரும்."

"நாளைக்கு நீ கேக்குற ஐஸ் உனக்குக் கெடைக்கும்."

"உன்ன நம்பித்தான் வேற எங்கயும் சொல்லி வெக்கல. உம் புள்ள கூட போன வாரம் சொன்னான், எதுக்கும் கடலூர்லயும் ஐஸ் சொல்லி வெச்சிக்கங்க அத்தேன்னு. போடா, ஒங்கம்மா இருக்குற வரைக்கும் நான் ஏன்டா கடலூருக்குப் போறேன்னு அனுப்பிட்டேன்."

ரோசா சிரித்தாள். மகன் எவ்வளவு முன்யோசனைக்காரன் என்று பெருமையாகக்கூட இருந்தது. நாமும் அந்தப் பெருமையை இப்போதைக்குக் கெடுக்க வேண்டாம்.

அஞ்சலாட்சி போன பிறகு ரோசா முடிவெடுத்தாள்.

"நான் கோவிலுக்குப் போறேன்."

பிரகாஷ் பதறினான். "எதுக்கு? மாமாகிட்டயா? வேணாம்மா! ஊரே சிரிக்கும். எல்லாருக்கும் முன்னாடி குடுத்துட்டு, திருவிழா அன்னிக்கே போயிக் கேப்பியா? சாயங்காலம் கரண்ட் வந்துடும்."

"வரலன்னா?"

"வரலன்னா... ஒரு வருஷம் ஐஸ் போடலன்னா என்னாம்மா ஆயிடும்? உனக்கும் வயசாவுது."

"எனக்கு வயசாவுறது இருக்கட்டும். தொட்டிக்குள்ள இருக்குறதுக்கு வயசானா வெறும் தண்ணிடா."

அவன் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனான். காலையிலிருந்து இது எத்தனையாவது போன் என்று ரோசா நினைத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்த நிமிஷம் தலைக்கு மேல் வேலை.

மெரின் ஸ்கூட்டரை எடுத்தாள். போகிற வழியெல்லாம் ரோசா பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். பயம் வந்தால் அவளுக்கு வாய் ஓயாது.

"ஏன்டி, ஜெனரேட்டரை எடுத்து ஓட்டிட்டா எழிலரசன் என்னா சொல்லுவாரு?"

"டீசல் கூடாதுன்னுதானே அண்ணன் சொன்னான். ஒப்பந்தம் போயிடும்னு நெனைக்கிறேன்."

"ஓட்டலன்னா அஞ்சலாட்சி போயிடுவா. மத்த போட்டுக்காரனும் போயிடுவான். உங்கப்பா காலத்துலேர்ந்து வர்றவங்க." மெரினின் தோளைத் தட்டினாள். பிறகு, "அப்ப சோலார் போட்டதுல ஒண்ணுமே பிரயோஜனம் இல்லியா?"

"யார் சொன்னா? ரெண்டு மாசமா நம்ம கூரை வெயில்தான் ஊர் கம்பியில போயிருக்கு. ஒரு கட்டி ஐஸுக்குன்னு பாத்தா நம்ம புகை பாதியாயிடுச்சி."

"அப்பறம் என்னா?"

"ரெண்டாவது தொட்டி கட்டுனா கூரை பத்தாது. மிச்சத்துக்கு லைன் கரண்ட்தான். அதுல பாதிக்கு மேல கரி எரிச்சி வர்றது. நெய்வேலி பக்கம் போனா தெரியுமே, எவ்ளோ பெரிய சிம்னி. ஒரு கட்டிக்குப் புகை குறையும், மொத்தமா கூடினாலும் கூடும்."

"வளந்தா புகை கூடும்ன்ற."

"மொதல்ல கூடும், ஓரளவு வசதி வந்தப்புறம் குறையும்னு ஒரு கட்சி. மலை ஏறி எறங்குற மாதிரி கோடு போட்டுக் காட்டுவாங்க. எல்லா ஊருலயும் எறங்குறதில்லன்னு இன்னொரு கட்சி."

"நாம ஏறுறோமா, எறங்குறோமா?"

"அதைத்தாம்மா மூணு வருஷமா கேட்டுட்டிருக்கேன்."

"நல்லா கேட்ட போ," என்றாள் ரோசா. கோவில் வந்துவிட்டது.

மைதானத்தில் பந்தல், ஊதுபத்திக் கடை, பஞ்சுமிட்டாய், உப்புப் பொட்டலம் விற்கிறவர்கள் என்று கூட்டம் கசகசத்தது. தேர் நிமிர்ந்து நின்றது. சிலையை இன்னும் ஏற்றவில்லை. தேரைச் சுற்றி சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். தேருக்குப் பின்னால், நாலு சக்கர வண்டியின் மேல், பச்சைப் பெயின்ட் அடித்து, சாமந்தி மாலை போட்டு நின்றது ஜெனரேட்டர். அதன் வயிற்றில் மஞ்சள் எழுத்தில்: உபயம், ரோசா சூசைநாதன் குடும்பத்தார்.

எழுத்து அவ்வளவு பெரிசாக இருக்கும் என்று ரோசா எதிர்பார்க்கவில்லை. அந்தோணியார் பேரை அதற்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது.

பிரான்சுவா ஏணிக்குக் கீழே நின்று பல்பு கட்டுகிறவனை அதட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட காலர், இந்த வெயிலிலும் ஷூ. தங்கையைப் பார்த்தார். பார்க்காத மாதிரி திரும்பி, "ஆலே, ஆலே, சீக்கிரம் கட்டு!" என்றார்.

"அண்ணே."

மூன்று மாசத்துக்கப்புறம் முதல் வார்த்தை. அவர் மெதுவாகத் திரும்பினார்.

"என்னா மதாம், இவ்ளோ தூரம்? வெயில் எப்பிடி இருக்குது? மெஷின் ஓடுதா?"

தெரிந்துதான் கேட்கிறார். தெருமுனையில் கேபிள் அறுந்தது தெருவுக்கே தெரியும். ரோசா பல்லைக் கடித்தாள்.

"ஓடல."

"ஏன்? வெயில் போதலியா?"

"போதும்ணே. போதும்ன்ற அளவுக்கு மேலயே இருக்குது. கரண்ட் இல்லன்னா அது ஓடாதாம். எனக்குத் தெரியல. தெரியாம குடுத்துட்டேன்."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்திருக்க."

"கைமாத்தா கேக்க வந்திருக்கேன். நாளைக்குக் கொண்டாந்து விட்டுடுறேன்."

"யாருகிட்ட கேக்குற? எங்கிட்டயா, அந்தோணியார்கிட்டயா?"

"ரெண்டு பேருகிட்டயும்."

பல்பு கட்டுகிறவன் ஏணியிலேயே நின்று வேடிக்கை பார்த்தான். பஞ்சுமிட்டாய்க்காரன்கூடத் திரும்பினான். பிரான்சுவாவுக்கு இந்த நிமிஷம் ரொம்பப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு அடி நடந்தார், திரும்பினார்.

"காணாமப்போன பொருளையெல்லாம் கண்டுபுடிச்சிக் குடுக்குறவரு அந்தோணியாரு. ஊரு ஒலகத்துல எல்லாரும் எங்கயோ தொலைச்சிட்டு அவருகிட்ட வருவாங்க. நீ ஒருத்திதான் அவருகிட்டயே தொலைச்சிட்டு வந்து நிக்கிற!"

ஏணிக்காரன் சிரித்துவிட்டான். ரோசாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"சிரிண்ணே. நல்லா சிரி. உன் மூக்க உடைக்கத்தான் குடுத்தேன், போதுமா? பெரிய எழுத்துல பேரு போடுவாங்கன்னு தெரிஞ்சிதான் குடுத்தேன். தப்புதான். ஆனா தொட்டியில கெடக்குறது என் வீம்பு இல்ல. நாளைக்கு கடலுக்குப் போறவங்க வாய்க்கு வர்ற சோறு. அது உருகிப்போனா நான் யாரு மூஞ்சில முழிப்பேன்?"

பிரான்சுவாவின் கை பின்னாலிருந்து முன்னால் வந்தது. தங்கை அழுதால் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே தாங்காது. அதைக் காட்டிக்கொள்ளவும் தெரியாது. கழுத்தைச் சொறிந்தார், ஷூவைப் பார்த்தார்.

"வாடகை ஜெனரேட்டர வேணாம்னு சொல்லிட்டேன், உன்ன நம்பி. இப்பக் கேட்டா எவன் தருவான், திருவிழா நாளு?"

"ஜெனரேட்டர் இல்லன்னா தேரு இருட்டுலதான் போவணுமா?" என்றாள் மெரின். "ஆளுக்கொரு மெழுகுவத்தி புடிச்சா போதாதா மாமா? கடையில அத்தினி வெச்சிருக்காங்க."

பிரான்சுவா அவளைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"மெழுகுவத்தி," என்றார். சிரிப்பு அவர் மீசைக்குக் கீழே எட்டிப் பார்த்தது. "கடைசியில மெழுகுவத்திதான்னு நான் அன்னிக்கே சொன்னேன். கேட்டியா ரோசா?"

"சொன்னண்ணே. நீ சொன்னதுதான்."

"வுவாலா, பாத்தியா!" அவர் கையைத் தட்டினார். "டேய், தேரு இழுக்குற டிராக்டர்காரன எங்க? கூப்புடு. நான் போயி சாமியார்கிட்ட சொல்லிட்டு வரேன்."

சாமியார் சரியென்றார். ஒரு கண்டிஷன், தேர் இந்த வருஷம் ஐஸ் பேக்டரித் தெரு வழியாக வரும், ரோசா குடும்பத்தோடு வாசலில் மெழுகுவத்தி பிடித்து நிற்க வேண்டும். நிற்கிறேன் சாமி, மண்டியே போடுறேன் என்றாள் ரோசா.

முதலியார்பேட்டையில் அன்று ஒரு முன்தேர் போனது என்று இன்றைக்கும் சிரிப்பார்கள். முன்னால் முசே பிரான்சுவா ஸ்கூட்டரில், கஞ்சிக் காலரோடு, ஹார்ன் அடித்தபடி. பின்னால் டிராக்டர். அதன் பின்னால் மாலை போட்ட ஜெனரேட்டர். விளக்குச் சரத்தை அவிழ்க்க மறந்துபோய் அது தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. ஒரு கிழவி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு சாமிதான் வருகிறது என்று சிலுவை போட்டுக்கொண்டாள். டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்திருந்த ரோசா வெட்கத்தில் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். மெரின் ஸ்கூட்டரில் பக்கத்தில் வந்தாள்.

"ஏறுறோமா எறங்குறோமாம்மா?"

"இன்னிக்கி ஏறுறோம்டி," என்றாள் ரோசா. "டீசல் நாத்தம் இங்கியே அடிக்குது."

வெயில் சாய்கிற நேரத்துக்கு ஜெனரேட்டர் பேக்டரிக்குள் நுழைந்தது. கரண்ட் வந்தபாடில்லை. பிரகாஷ் வாசலில் நின்றிருந்தான். மாமாவைக் கண்டதும் "வாங்க மாமா" என்றான், முகத்தில் ரத்தமே இல்லை. அவமானம் என்று ரோசா நினைத்துக்கொண்டாள்.

ஒயரை இழுத்து மாட்டினார்கள். ஜெனரேட்டர் ஒரு முறை இருமி, இரண்டு முறை இருமி, கரும்புகையாக ஒரு மூச்சு விட்டு ஓட ஆரம்பித்தது. கம்ப்ரசர் உறுமியது. தொட்டிக்குள் உப்புநீர் சுற்றத் தொடங்கியது. ரோசா கடைசியாக ஒரே ஒரு தடவை தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். டப்பாவின் நடுவில் இன்னும் தண்ணீர் இருந்தது, ஓரத்து ஐஸ் கரையவில்லை. பிழைத்தது. விடிகிற வரைக்கும் ஓடினால் போதும்.

"இப்ப எழிலரசன்கிட்ட என்னாம்மா சொல்றது?" என்றாள் மெரின்.

"ஏன் சொல்லணும்?" பிரகாஷ் சட்டென்று சொன்னான். "அவருக்கு எப்பிடித் தெரியப்போவுது? காலையில திருப்பி அனுப்பிட்டா ஆச்சி."

ரோசா புகைக் குழாயைப் பார்த்தாள். புகை மேலே போய், பளபளவென்று சும்மா படுத்திருந்த சோலார் தகடுகளைத் தாண்டிப் போனது. அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்தவன் தலையில் புகையைப் போட்டுவிட்டு சுத்தமான ஐஸ் என்று சொல்லி விற்க அவளுக்கு வராது.

"நம்பர் போடு மெரின். நானே பேசுறேன்."

"அம்மா, வேணாம்..." பிரகாஷ் ஒரு எட்டு முன்னால் வந்தான்.

அதற்குள் எழிலரசன் எடுத்துவிட்டார். ரோசா ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"அய்யா, ஐஸ் பேக்டரி ரோசா பேசுறேன். காலையிலேர்ந்து கரண்ட் இல்ல. டீசல்லதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். விடியிற வரைக்கும் ஓட்டுவேன். மறைக்க மாட்டேன். ஒப்பந்தம் வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் எழிலரசன் சிரித்தார்.

"இதுக்கா இவ்ளோ பதட்டம்? அவசரத்துக்கு ஓட்டுனா ஓட்டுனேன்னு எழுதிக் குடுத்துட்டா போதும்மா. மொத நாளே உங்க பையன்கிட்ட சொன்னேனே. கரண்ட் போனா சோலாரும் நின்னுடும், அதனால ஜெனரேட்டர மட்டும் கை விட்டுடாதீங்கன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன். அவரு சொல்லலியா?"

ரோசா போனை மெதுவாகக் காதிலிருந்து எடுத்தாள். எழிலரசன் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மெரின் அதை வாங்கி, "நாளைக்குப் பேசுறோம் சார்" என்று வைத்தாள்.

பிரகாஷ் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனைப் பெற்ற நாளிலிருந்து அந்த முகத்தைப் படிக்கத் தெரியும் என்று ரோசா நம்பியிருந்தாள்.

"உனக்குத் தெரியும்."

"அம்மா, நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த. கோவிலுக்குக் குடுக்கப்போறேன்னு. சொல்ல வாய் வரல."

"ஒரு சொட்டு டீசல் ஆவாதுன்னு சொன்னது யாரு? எடத்துலயே இருக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? அதுக்கு மட்டும் வாய் வந்துதா?"

அவன் கடலூரில் ஐஸ் சொல்லி வைக்கச் சொன்னது, சாயங்காலம் வரைக்கும் காத்திரு என்றது, ஒரு வருஷம் ஐஸ் போடாவிட்டால் என்ன என்றது, எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வந்து ரோசாவின் நெஞ்சில் இடித்தன. பிரான்சுவா வாயைத் திறக்கப்போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது.

"எடு," என்றாள் ரோசா.

"அப்பறம் பேசிக்கிறேன்."

"எடுடா. ஸ்பீக்கர்ல போடு."

அவன் எடுத்தான். திரையில் பேர் எரிந்தது: நிர்மலாதேவி மேடம். ரோசாவுக்கு அந்தப் பேர் தெரியும். உங்களுக்கும் நினைவிருக்கும். கோடையில் வந்து, காப்பி குடித்துவிட்டு, இந்த இடத்தில் ஐஸ் போடுவதைவிட சுற்றுலா வருகிறவர்களுக்கு லாட்ஜ் கட்டினால் என்ன, இனிமேல் பாண்டிச்சேரிக்கு அதுதான் வளர்ச்சி என்று இனிக்க இனிக்கப் பேசியவள். என் சவத்தின் மேல் கட்டிக்கொள்ளுங்கள் என்று ரோசா அனுப்பி வைத்தாள். ஊரில் வீடு, நிலம் கைமாற்றுகிற புரோக்கர்.

"என்னா தம்பி, போனே எடுக்க மாட்டேன்ற?" நிர்மலாதேவியின் குரல் ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிக் கணீரென்று வந்தது. "ஐஸ் உருகிடுச்சா, இல்லியா? எடம் வாங்குற பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்காங்க."

மெரின் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோசா குனிந்து, மகன் கையிலிருந்த போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"உருகலம்மா. உறைஞ்சிக்கிட்டு இருக்குது. நாளைக்கு வா, உனக்கு ஒரு கட்டி எடுத்து வெக்கிறேன். தலையில வெச்சிக்கினு போ."

லைன் அறுந்தது.

பிரகாஷ் அழ ஆரம்பித்தான். அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும், அதை அவன் சொல்லத்தான் வாயெடுத்தான். ரோசாவால் கேட்க முடியவில்லை. இத்தனை கோபத்திலும் அவன் கண்ணைத் துடைக்கக் கை எழுந்தது, அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பிக்கொண்டாள்.

தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. இருட்டிக்கொண்டு வந்தது, தெருமுனையில் மெழுகுவத்திகள் ஒன்றிரண்டாகத் தெரிய ஆரம்பித்தன. பிரான்சுவா ஓசைப்படாமல் ஒரு மெழுகுவத்தியைப் பற்றவைத்துத் தங்கையின் கையில் கொடுத்தார்.

"அம்மா," என்றான் பிரகாஷ். "நான் ஏன் செஞ்சேன்னா..."

"எங்கிட்ட சொல்லாத." ரோசா இன்னொரு மெழுகுவத்தியை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். "ஜெனரேட்டரத் திருப்பிக் குடுத்துட்டாரு அந்தோணியாரு. இன்னும் ஒண்ணையும் தொலைச்சிட்டு நிக்கிறேன். கேட் எதிருல தேரு நிக்கும். வந்து அவரு முன்னாடி சொல்லு, நான் கேக்குறேன்."

அவன் டீசல் கேனைக் கீழே வைத்தான். மெழுகுவத்தியை வாங்கினான். கேட்டைத் திறந்தான், தெருவில் இறங்காமல் அங்கேயே நின்றான்.